நாலாம் பத்தில் ஒரு மணி குறைவு

அத்தியாயம் 5

“இதைச் செஞ்சது நீங்கதானே சார்?” என்று கேட்டார் காந்திமதி மேடம்.

“எத்தனை தடவைங்க சொல்றது? நாலு வருஷ உழைப்பு” என்றார் பேராசிரியர் சீனுவாசன்.

“அப்ப இப்படி உருவினா என்னா ஆவும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

சொல்லிக்கொண்டே மேடம் டிரைவின் வாயைத் திறந்து உள்ளே இருந்த பிளாப்பியை உருவிவிட்டார். சீனுவாசன் போட்ட கூச்சலில் பக்கத்து லேபிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக் கையாட்டி, “ஒண்ணுமில்ல, பரிசோதனை” என்றேன். பதினோரு வருடமாக மேடத்தோடு குப்பை கொட்டுகிறேன். யார் வீட்டுப் பொருளாக இருந்தாலும் முதலில் அதன் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை வைப்பார்.

என் பெயர் டோமினிக். விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். ஆபீஸில் மொத்தமே இரண்டு பேர் என்பதால் டீ வாங்குவது முதல் அடி வாங்குவது வரை எல்லாம் என் இலாகா. மேடம் பதினெட்டு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். மற்றவர்களின் பொய்யைப் பிழையில்லாமல் டைப் அடித்து அடித்து வெறுத்துப்போய் வேலையை விட்டவர்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் லேப். மேஜைமேல் பிரீஃப்கேஸ் அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள், சிவப்பு விளக்குகள். உள்ளே ஆயிரக்கணக்கில் மெல்லிய ஒயர்கள், அத்தனையும் கையால் வைத்துப் பற்றவைத்தது. ஐம்பது வருடப் பழைய சிப் ஒன்றை மூளையாக வைத்து யாரோ வீட்டுச் சமையல் மாதிரி ஒரு கம்ப்யூட்டரைச் செய்திருந்தார்கள். அதில் ஓடுவது சி.பி.எம். நான் கட்சி என்று நினைத்துவிட்டேன். அந்தக் காலத்து இயங்குதளமாம், விண்டோஸுக்கு முந்தின தலைமுறை. புதிதாகச் செய்த இயந்திரத்தில் அது சும்மா ஏறி உட்கார்ந்துவிடாது. எழுத்தைத் திரையில் எப்படிப் போடுவது, டிஸ்கை எப்படிப் படிப்பது என்று அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தரும் பகுதியை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். கஷ்டமே அதுதானாம்.

எழுதியது யார் என்பதுதான் வழக்கு. வருகிற சனிக்கிழமை இந்தப் பெட்டியைக் கல்லூரிக் கூடத்தில் வைக்கிறார்கள், கீழே பித்தளைத் தகட்டில் செய்தவர் பெயரோடு. சீனுவாசன் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார் அருள்நாதன் என்ற ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இதே லேபில் டெக்னீஷியனாக இருந்த அவருடைய மூத்த மகள் எலிசாதான் அதைச் செய்தாள் என்றார். அவள் எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். பிரின்சிபால் கிருஷ்ணசாமி அவரிடம், “சனிக்கிழமைக்குள்ள ஆதாரம் கொண்டாங்க, பேரை மாத்தறேன்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“கல்லறையில அவ பேரைப் போட்டேன் மேடம். அதை யாரு வந்து படிக்கப் போறாங்க? காலேஜ்ல போட்டா வருஷா வருஷம் நாலு பிள்ளைங்க படிக்கும். எம்பொண்ணு இருந்தான்னு தெரியும்” என்றார் அந்த மனிதர். எனக்கு அன்றைக்குக் கிண்டல் எதுவும் வாயில் வரவில்லை.

இப்போது, டிஸ்க் இல்லாத டிரைவின் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. ஒரு நீளம். மூன்று குட்டை. மறுபடி ஒரு நீளம். பிறகு குட்டை குட்டையாக நிறைய.

“என்னா சார் இது?” என்றார் மேடம்.

“லூஸ் கான்டாக்ட். பவர் ஏறி இறங்குதுல்ல, அதான் கண்டபடிக்கு எரியுது.”

“டிஸ்க் இல்லன்னா எத்தனை தடவை தேடிப் பார்த்துட்டு விட்டுடும்?”

“பத்து. எல்லாத்துலயும் பத்துதான்.”

விளக்கு பத்தைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய் தானாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததை மேடம் என் விலாவில் இடித்தபோதுதான் கவனித்தேன். விளக்கு அணைந்து, திரையில் பச்சை எழுத்தில் டிஸ்க் கிடைக்கவில்லை என்று வந்தது. “இன்னொரு தடவை பண்ணச் சொல்லுங்க” என்றேன். பிறகு மூன்றாவது தடவையும் கேட்டேன். சீனுவாசனுக்கு என்மேல் கடுப்பு. ஆனாலும் கீபோர்டைத் தட்டினார்.

வெளியே வந்ததும் மேடம் என்னை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார்.

“உள்ள என்னா முணுமுணுத்துக்கினு இருந்த?”

“சொன்னா சிரிப்பீங்க.”

“நீ சொல்றதுக்கு நான் என்னிக்கு சிரிச்சேன்?”

நியாயமான கேள்வி. கையிலிருந்த வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, வேர்க்கடலையைத் தோலோடு பெஞ்சில் அடுக்கினேன். முதலில் ஒரு பெரிய காய். அப்புறம் மூன்று சின்னது. மறுபடி ஒரு பெரியது, பத்து சின்னது. அப்படியே ஐந்து தரம்.

“இதான் செபமாலை மேடம். பெரிய மணிக்குப் பரலோக மந்திரம். சின்ன மணிக்கு அருள் நிறைந்த மரியே. முதல்ல மூணு, அப்புறம் அஞ்சு பத்து. மொத்தம் அம்பத்து மூணு. எங்கம்மா தினம் சாயங்காலம் முட்டி போடவெச்சு சொல்லவெக்கும். நான் கோயில் படி ஏறி பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆனா அந்த விளக்கு மூணு எரிஞ்சு நின்னதும் வாய் தானா ஆரம்பிச்சிடுச்சு.”

மேடம் மல்லாட்டையையே பார்த்தார். “அப்ப அது லூஸ் கான்டாக்ட் இல்ல.”

“லூஸ் கான்டாக்ட் செபமாலை சொல்லாது மேடம். இதை எழுதினது எங்க ஆளு. சீனுவாசன் சாரு மேல்மலையனூர் அம்மாவாசைக்குப் போறவரு. அவருக்கு இது எரியறதே கண்ணுல படல.”

“முடிஞ்சுதுன்னு சொல்றியா?”

“ஒண்ணு மட்டும் இடிக்குது.” நாலாவது பத்திலிருந்து ஒரு காயை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். “நாலாவது பத்துல ஒம்போதுதான் எரியுது. நான் பத்தாவதைச் சொல்ல வாயெடுத்தேன், நீளமா எரிஞ்சிடுச்சு. மூணு தடவையும் அதே இடம்.”

மேடத்தின் டீ ஆறிப் போனது. அவர் யோசிக்கும்போது விரல்கள் தொடைமேல் டைப் அடித்துக்கொண்டே இருக்கும்.

“செபமாலை சொல்றவங்க யாராவது ஒம்போதோட நிறுத்துவாங்களா?”

“மாட்டாங்க. தூக்கத்துல கேட்டாலும் பத்துதான்.”

“வாய் பத்துன்னு சொல்லும். கை சொல்லாது” என்றார். “அந்தப் பெட்டி முன்னாடி சுவிட்சு இருக்குது பாரு, ஆரம்பத்துல ஒவ்வொண்ணையும் அதைத் தள்ளித் தள்ளித்தான் உள்ள போடணும்னு சீனுவாசனே சொன்னாரு. ஒரு கையில சுவிட்சு. இன்னொரு கையில மாலை. ஒரு மணி நகந்தா ஒரு தள்ளு. கோர்ட்ல நான் அப்படித்தான் அடிப்பேன். கை பாட்டுக்கு ஓடும், மனசு வீட்டுல குழம்பு வெச்சிக்கினு இருக்கும். அவங்க எண்ணல டோமினிக். மாலைதான் எண்ணுச்சு.”

எனக்கு மண்டையில் உறைக்க ஒரு நிமிடம் ஆனது. “அப்ப அந்த மாலையில நாலாவது பத்துல ஒரு மணி இல்ல.”

“எலிசாவோட மாலை எங்க இருக்கும்?”

“அவகூடவே. எங்க ஆளுங்க செத்தா அவங்க மாலையைக் கையில வெச்சுத்தான் அடக்கம் பண்ணுவாங்க.”

“சாட்சி மண்ணுக்குள்ளயா?”

“மேடம், போட்டோ எடுக்காம எந்த வீட்டுல அடக்கம் பண்ணாங்க?”

அந்த வாரத்தில் முதல் தடவையாக மேடம் என்னை மதிப்பாகப் பார்த்தார். அதைக் கொண்டாடக்கூட விடாமல், “ஜல்தி வண்டியை எடு” என்றார்.

அருள்நாதனின் வீடு திண்டிவனத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. முன்னறையில் எலிசாவின் பெரிய படம், அதற்கு சீரியல் லைட். மூலையில் தையல் மிஷினில் ஒரு பெண் குனிந்து பள்ளிச் சீருடைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். “சின்னவ, அருள்ராணி” என்று ஒரு வார்த்தையில் அவளை முடித்துவிட்டு, அருள்நாதன் எலிசாவைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். எலிசா பாலிடெக்னிக்கில் வாங்கிய மார்க், எலிசா எழுதிய கையெழுத்து, எலிசா காலேஜ் பஸ்ஸுக்கு ஓடும் ஓட்டம். மிஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு விஷயத்தை மேடம் சொன்னதும் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“செபமாலையா? எம்பொண்ணு மிஷினுக்குள்ள செபமாலை வெச்சாளா? அப்ப அந்தாளு பொய் சொன்னது நிச்சயம்தானே?”

“அது நிச்சயம். இன்னும் ஒரே ஒரு விஷயம் பாக்கணும். அடக்கத்துப்போ எடுத்த போட்டோ இருக்குதா?”

ஆல்பம் வந்தது. சவப்பெட்டிக்குள் வெள்ளைச் சேலையில் எலிசா. கூப்பிய கைகள்மேல் நீல மணி மாலையை விரித்து வைத்திருந்தார்கள். போட்டோகாரன் கிட்டத்தில் போய் எடுத்திருந்ததால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. மேடம் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். செத்த பெண்ணின் மார்மேல் மணி எண்ணுவது நல்ல உத்தியோகம் இல்லை. எண்ணினேன்.

பத்து.

பின்பக்கமிருந்து எண்ணினேன். பத்து. எந்தப் பத்தை எடுத்தாலும் பத்து. ஐம்பத்து மூன்று மணியும் முழுசாக இருந்தது. நான் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“ஐயா, இது அவங்க மாலைதானா? அடக்கத்துக்குன்னு புதுசா வாங்கினதா?”

“என்னம்மா பேசறீங்க? சின்ன வயசுல கோயில்ல புதுநன்மை வாங்குனப்போ நான் வேளாங்கண்ணிலேருந்து வாங்கியாந்தது. ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் புதுநன்மை. ஒரே மாதிரி ரெண்டு மாலை, நீலம்.”

“ரெண்டு மாலை” என்றார் மேடம்.

தையல் மிஷின் நின்றது.

மேடம் எழுந்து மூலைக்குப் போனார். மிஷின் விளக்கின் கழுத்தில் ஒரு நீல மாலை தொங்கியது. அதை எடுத்து மணி மணியாக விரலில் தள்ளிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தி என்னிடம் காட்டினார். நாலாவது பத்தில் ஒன்பதுதான். ஒரு மணி உதிர்ந்த இடத்தில் அறுந்த சங்கிலியைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். நூலால் கட்டவில்லை. பளபளவென்று ஒரு பொட்டு ஈயத்தால் சால்டர் பண்ணியிருந்தார்கள்.

“டைலருங்க சால்டர் வெக்கறதை நான் பார்த்ததில்லம்மா” என்றார் மேடம், மெதுவாக.

அருள்ராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரோ பிடித்துவைத்திருந்த மூச்சை விட்ட மாதிரி, கடகடவென்று சொன்னாள்.

“அக்காவுக்கு அந்தப் புகை ஒத்துக்காது மேடம், தலைவலி வந்துடும். லேப்ல வேணாம்னு போட்ட சிப்பு, ஒயரு எல்லாம் கேட்டு வாங்கி சாப்பாட்டுப் பையில வெச்சுக் கொண்டாந்து குடுக்கும். நான் ஐ.டி.ஐ.ல படிச்சது கொஞ்சம், மிச்சத்தை அக்கா புஸ்தகத்துலேருந்து படிச்சேன். அக்கா கடைசியா லேபுக்குக் கொண்டுபோறவரைக்கும் பெட்டி இங்கதான் இருந்துச்சு, இந்த மிஷினு மேலயே. ஆனா டிரைவும் திரையும் லேப்ல. நான் எழுதி வெச்சதை அக்கா பெட்டியோட எடுத்துக்கினு போய் ஓட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லும். எங்க நின்னுச்சுன்னு சரியா சொல்லத் தெரியாது அதுக்கு. அதான் டிரைவு ஒரு தடவை தேடினா ஒரு மணின்னு விளக்கை மாலை மாதிரி வெச்சேன். ‘ராணி, மூணாவது பத்துல ஏழாவது மணியில படிச்சிடுச்சுடி’ன்னு சொல்லிக்கினே உள்ள வரும். எனக்கு டிரைவு எவ்ளோ தடுமாறுதுன்னு புரிஞ்சிடும்.” மேடம் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். “மணி ஒண்ணு இல்லன்றது எனக்கு மறந்தே பூடுச்சு.”

“நீ அது ஓடறதைப் பார்த்ததே இல்லையா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்லண்ணா. எழுத்து பச்சையா வருமாமே. நீங்க பாத்தீங்களா?”

பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு வருடம் கண்ணை அவித்துக்கொண்டு எழுதியவள் பார்க்காததை, சும்மா போன நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

அருள்நாதனை நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். அவர் ஆல்பத்தை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். ‘நீயா செஞ்ச?’ என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப எலிசா என்னதான் பண்ணா?”

 அவர் மறுபடி கேட்டார், இந்தத் தடவை குரல் உடைந்து. “அவதான் பண்ணான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே. அப்ப அவ என்னதான் பண்ணா?”

அருள்ராணி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.  பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது.

“எல்லாம் அக்காதாம்பா பண்ணுச்சு. அது சொல்லும், நான் அப்படியே சுவிட்சைத் தள்ளுவேன். அவ்ளோதான்.”

“அதான பார்த்தேன்” என்றார் பெரியவர். உடம்பெல்லாம் தளர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “உனக்கு எங்கேருந்து அதெல்லாம் வரும்?”

எனக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. துக்கத்தில் இருப்பவர் என்று அடக்கிக்கொண்டேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த உலகம் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாசலில் மேடம் அருள்ராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் உன் பேரை எழுதறேன். ஈயம் வெச்ச மாலை ஒண்ணு போதும் எனக்கு. பிரின்சிபாலே உன்னைக் கூப்பிட்டு உக்காரவெப்பாரு. தினம் போய்ப் பாக்கலாம். மிச்ச வேலை ஏதாவது இருந்தா முடிக்கலாம்.”

“ரெண்டாவது டிரைவு இன்னும் வேலை செய்ல” என்றாள் அவள் சட்டென்று. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, உடனே போனது. “வேணாம் மேடம். அக்கா போனதுலேருந்து அப்பா ராத்திரி சோறு சாப்ட்டதே இல்ல. அந்தத் தகட்டைச் சொல்லிச் சொல்லித்தான் இப்ப கொஞ்சம் சாப்பிடறாரு. அதையும் நான் வாங்கிக்கினா?”

“உனக்கு?”

“அக்கா பேரைப் போடுங்க. அது கொண்டாந்து தரலன்னா நான் எதை வெச்சு செஞ்சிருப்பேன்?”

வண்டியை விழுப்புரத்துக்கு விரட்டினேன். ஆபீஸில் மேடம் லேப்டாப்பைத் திறந்ததும் வெடித்தேன்.

“பொய்யை டைப் அடிக்க மாட்டேன்னுதானே கோர்ட்டை விட்டு வந்தீங்க?”

“ஆமா.”

“இப்ப என்னா பண்ணப் போறீங்க?”

“டைப் அடிக்கப் போறேன்.” திரையைப் பார்த்தபடியே சொன்னார். “அந்தப் பொண்ணோட பேரு அந்தப் பொண்ணோடது டோமினிக். நான் புடுங்கி எடுத்து தகட்டுல ஒட்ட முடியாது. கதவைச் சாத்து, தூசி வருது.”

தூசி எதுவும் வரவில்லை. மேடத்தின் கண் சிவந்திருந்ததை நான் பார்க்காத மாதிரி கதவைச் சாத்தினேன்.

அறிக்கையில் சீனுவாசனைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். விளக்கின் கணக்கு தெரியாதவர், பத்து என்றவர், செபமாலையை லூஸ் கான்டாக்ட் என்றவர். பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டு அதே விளக்கைக் காட்டிக் கேட்டிருக்கிறார். மனிதர் வியர்த்து ஊற்றி ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை விழாவுக்கு அவர் வரவில்லை. நாங்கள் ஜெயித்தோம்.

கல்லூரிக் கூடத்தில் பித்தளைத் தகடு பளபளத்தது. எலிசா அருள்நாதன், உருவாக்கியவர். பெரியவர் புது வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அருள்ராணி நாலு வரிசை பின்னால், எங்கள் பக்கத்தில். இஸ்திரி போட்ட சேலையில், தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். எதற்காக அப்படி வந்தாள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு எப்படியும் பெட்டியை ஆன் பண்ணுவார்கள், பச்சை எழுத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்தாள்.

கிருஷ்ணசாமி மைக்கைப் பிடித்தார். இதை உருவாக்கிய சகோதரி இன்று நம்மோடு இல்லை என்றார். எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். தன் நினைவுக்கு மரியாதையாக அருள்ராணியும் எழுந்து நின்றாள். வேறு எப்படி அதைச் சொல்வது?

விழா முடிந்ததும் நான் பிரின்சிபாலைப் பிடித்தேன். “சார், ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிக் காட்டுங்களேன்.”

“எப்படிப்பா? ஏதாவது புகைஞ்சா யாரைக் கேக்கறது? சீனுவாசனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. தெரிஞ்ச பொண்ணு போயிடுச்சு. இனிமே இதுக்குக் கரண்டே குடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். நாளைக்குக் கண்ணாடிப் பெட்டி வந்துடும்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குக் கேட்டிருந்தது.

கூட்டம் கலைந்து மோர் கொடுக்கும் பக்கம் போனது. அருள்ராணி மெதுவாக மேஜைக்குப் போனாள். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் இழுத்ததில் டிரைவுக்குப் போகும் பட்டை ஒயர் ஒரு ஓரத்தில் கழன்றிருந்தது. அவள் கண் அங்கேதான் போயிற்று. இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். அவள் கையை நீட்டினாள்.

தகட்டின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த அருள்நாதன் பதறிப்போய்த் திரும்பினார்.

“தொடாத ராணி! அக்கா செஞ்சது. ஏதாவது ஆயிடப் போவுது.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.